குழலும் எழுதுகோலும்

வாத்தியம் வாசிப்போரைப் பற்றி நம்மிடையே ஒரு வழக்கம் நெடுநாளாக நிலவிவருகின்றது. வாசிப்பவர் ஆடவராயின், "இன்று என்ன வாசித்தார்?" என்று வினவுகின்றோம், பெண்மணியாயின், "இவரும் வாசிக்கின்றாரா!" என்று வியக்கின்றோம். முன்னது கலையைப் பற்றிய கேள்வி. பின்னது பிறப்பைப் பற்றிய வியப்பு. வியப்பும் ஒருவகைப் புகழ்ச்சிதானே, அதனால் என்ன கேடு என்று சிலர் கருதக்கூடும். விருந்தினரை வாயிற்படியிலேயே நிறுத்திவைத்து அவருடைய ஆடையழகைப் புகழ்ந்துகொண்டிருப்பது போன்றது அப்புகழ்ச்சி. எவ்வளவு நேரம் புகழினும் அவர் வீட்டினுள் வந்தவர் ஆகார்.

அவ்வாறு வாயிற்படியில் நிறுத்தப்பட்டோர் உள்ளே செல்லும் வழி யாது? நன்றாக வாசித்தால் போதும் என்று பலர் விடை கூறுவர். என் கருத்து வேறு. பிறர் இயற்றியதை நன்றாக வாசிப்போருக்குப் பிறர் அழைக்கும்போதுதான் இடம் உண்டு. தமக்கென இயற்றுவோரோ தமக்குரிய இடத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். இங்கிலாந்து தேசத்து ஜாஸ் இசையில் புகழ்பெற்று விளங்கிய ஸாக்ஸபோன் விதூஷியும் இசை இயற்றுநருமாகிய பார்பரா தாம்ஸன் அம்மையாரின் வரலாற்றை இதற்குச் சான்றாகக் கூற விரும்புகின்றேன். அவர் வாழ்வில் இரு பெருந்தடைகள் குறுக்கிட்டன. ஒன்று மனிதர் இட்டது. மற்றொன்று உடல் இட்டது. இரண்டையும் அவர் கடந்தது குழலால் மட்டுமன்று, எழுதுகோலாலும் ஆகும்.

முதலில் அக்குழலைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஸாக்ஸபோனை நம்மில் பலர் கத்ரி கோபால்நாத் அவர்களின் கர்நாடக சங்கீதக் கச்சேரிகளின் வாயிலாக அறிவோம். பெல்ஜியம் நாட்டில் பிறந்த அடால்ஃப் ஸாக்ஸ் என்னும் வாத்தியச் சிற்பி அதனை ஆக்கி, 1846-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆயது. ஆயினும் வாயில் வைத்து ஊதும் பகுதியில் ஒற்றைச் சீவாளி பொருந்தியிருத்தலின், மேனாட்டார் அதனை மரக்குழல்களின் இனத்தில் சேர்த்து எண்ணுவர். தோன்றிய காலத்தில் அது பெரிதும் படைவீரர்களின் வாத்தியக் குழுக்களிலேயே இடம்பெற்றது. அங்கிருந்து அமெரிக்க நடன மேடைகளுக்கும், பின்னர் நீக்ரோவர் என்று அக்காலத்தார் அழைத்த கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசைக்கும் வந்து சேர்ந்தது. படை, மதுக்கூடம், நள்ளிரவு நடன அரங்கு என்னும் இம்மூன்றிடத்தும் வளர்ந்தமையால், அது ஆண்மக்களின் வாத்தியம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. அதனை ஊதும்போது முகம் விகாரமுறும், பெண்ணுக்கு மூச்சு போதாது என்பன போன்ற காரணங்கள் பின்னர்க் கற்பிக்கப்பட்டவை. முடிவை முன்னரே செய்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவது உலக இயல்பன்றோ!

இவ்வெண்ணம் தெருவில் திரிவோரிடம் மட்டும் இருந்ததன்று. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்பெற்ற ஜாஸ் சஞ்சிகையாகிய "டவுன் பீட்", பெண் இசைவாணர் தாழ்ந்தவராயிருப்பது ஏன் என்பதையே தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரையை வெளியிட்டது. தாழ்ந்தவர்தாமா என்பது அங்கே கேள்வியன்று. அது தீர்ந்த விஷயமாகவே கொள்ளப்பட்டது. இங்கிலாந்திலோ, ஐவி பென்ஸன் என்னும் ஸாக்ஸபோன் விதூஷி பெண்டிரை மட்டுமே கொண்ட நடன இசைக்குழு ஒன்றை நடத்தி, 1943-ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் அதற்கு நிலையான இடம் பெற்றார். அதனைக் கண்டு மனம் புழுங்கிய ஆடவர் குழுத்தலைவர் பலர். யுத்த காலத்தில் ஆடவர் போர்க்களம் சென்றமையால் பெண்டிர் குழுக்களுக்கு வாய்ப்பு மிகுந்தது. சமாதானம் வந்ததும் அவ்வாய்ப்பு சுருங்கியது. அன்றியும், பென்ஸன் அம்மையார் பயிற்றிய நங்கையர் பலர் மணம் புரிந்துகொண்டு குழுவை விட்டு நீங்கினர். அவர் ஓயாது புதியவரைத் தேட நேர்ந்தது. ஒரு பெண்ணின் இசைவாழ்வு அவளது மணநாளோடு முடிவுறும் என்பதே அன்றைய பொதுநியதி.

இத்தகைய உலகில், 1944-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27-ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பார்பரா தாம்ஸன் பிறந்தார். லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் கிளாரினெட், புல்லாங்குழல், பியானோ என்பவற்றோடு இசை இயற்றும் கலையையும் முறையாகப் பயின்றார். மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதமே அவருக்கு வகுக்கப்பட்டிருந்த பாதை. ஆயின் டியூக் எல்லிங்டனின் குழுவில் வாசித்த ஜானி ஹாட்ஜஸ், அவருக்குப் பின் தோன்றிய ஜான் கோல்ட்ரேன் ஆகியோரின் வாசிப்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஸாக்ஸபோனைக் கையில் எடுத்தார். 1960-களின் நடுப்பகுதியில் நீல் ஆர்ட்லி தலைமை வகித்த நியூ ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். அக்குழுவில் டிரம் வாசித்த ஜான் ஹைஸ்மனை 1967-ஆம் ஆண்டில் மணந்தார். முன்சொன்ன நியதிப்படி அவர் வரலாறு இங்கே முடிந்திருத்தல் வேண்டும். உண்மையில் அது இங்கேதான் தொடங்கிற்று.

1970-களில் அவர் தமக்கென ஓர் இசைக்குழுவை நிறுவி, அதற்குப் "பாராஃபர்னேலியா" என்று பெயரிட்டார். இக்காலத்து ஆங்கில வழக்கில் அச்சொல்லுக்குத் தட்டுமுட்டுச் சாமான்கள் என்பது பொருள். பழைய ரோமானியச் சட்டத்திலோ அதன் பொருள் வேறு. கணவனுக்கு அளிக்கப்படும் சீதனத்தின் புறம்பாக, மனைவிக்கே உரிமையாக நிற்கும் உடைமையை அது குறித்தது. நம் நாட்டுத் தர்மசாஸ்திரங்கள் கூறும் ஸ்திரீதனம் போன்றது. அக்குழுவுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. ஏனெனில் அது வேறொருவர் அழைப்புக்குக் காத்திராத, அவருக்கே உரிய உடைமையாயிற்று. அதில் வாசிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அவரே இயற்றியவை.

ஜாஸ் என்பது மனோதர்ம சங்கீதமாயிற்றே, அங்கே இயற்றுபவருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நம் சங்கீதத்தில் பல்லவி ஒரு வரியே ஆயினும், நிரவலும் கற்பனாசுரமும் அதன் மேல்தான் எழுகின்றன. பல்லவி வலுவற்றதாயின் கற்பனை தள்ளாடும். ஜாஸ் இசையிலும் முதலில் ஒரு மெட்டு வாசிக்கப்படும். அம்மெட்டின் அடியில் ஓடும் சுரக்கூட்டங்களின் வரிசையைப் பற்றிக்கொண்டு ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரிப்பர். இறுதியில் மெட்டுக்கே மீள்வர். ஆகவே மெட்டை அமைப்பவர், பிறர் கற்பனை எவ்வெல்லையுள் உலவும் என்பதையும் அமைக்கின்றார். பிறர் மெட்டுக்கு வாசிக்கும் பெண்ணை, "பெண்ணாயினும் நன்றாக வாசித்தாள்" என்று கூறி அனுப்பிவிடலாம். அவள் இயற்றிய மெட்டுக்குத் தாம் வாசிக்கும் நிலை ஏற்படும்போது, அவ்வாறு கூற எவர்க்கும் நா எழாது.

இயற்றும் தொழில் அவரைப் பிறர் குழுக்களினின்று பிரித்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். ஜெர்மனியில் 1975-ஆம் ஆண்டில் தோன்றிய யுனைடெட் ஜாஸ் அண்டு ராக் என்ஸெம்பிளில், தத்தம் குழுக்களுக்குத் தலைவராய் விளங்கியோரே உறுப்பினராய் இருந்தனர்; வுல்ஃப்காங் டவ்னர், ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டார்ஃப், கென்னி வீலர் போன்ற அவ்வாடவரிடையே வீற்றிருந்த ஒரே பெண்மணி தாம்ஸன் அம்மையார். 1978-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ லாய்டு வெப்பர் "வேரியேஷன்ஸ்" என்னும் தம் படைப்பைப் பதிவு செய்தபோது, அதில் புல்லாங்குழலும் ஸாக்ஸபோனும் வாசித்தவர் இவரே. "எ டச் ஆஃப் ஃபிராஸ்ட்" என்னும் ஆங்கிலத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் 1992-ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டு ஒளிபரப்பாயிற்று. அதற்கு இவரும் ஹைஸ்மனும் சேர்ந்து இசை அமைத்தனர். இவர் பெயரை அறியாத எண்ணற்ற குடும்பங்கள் இவர் இசையை வீட்டுக்கூடத்தில் அமர்ந்து கேட்டிருக்கின்றன. 1996-ஆம் ஆண்டில், இசைத்தொண்டைப் பாராட்டி பிரிட்டிஷ் அரசு இவருக்கு எம்.பி.இ. விருது வழங்கிற்று.

ஈண்டு ஓர் ஆட்சேபத்துக்கு விடை கூறல் கடன். "அவருக்குக் கணவர் இசைவாணராய் வாய்த்தார், வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக்கூடம் அமைந்தது, இவ்வசதிகள் எல்லாம் இருந்தால் யார்தாம் முன்னேற மாட்டார்?" என்பது அவ்வாட்சேபம். ஹைஸ்மன் துணைநின்றார் என்பதில் ஐயமில்லை. மேடையில் அவர் டிரம் வாசித்தார், ஒலிப்பதிவையும் கவனித்தார். ஆயினும் ஒன்று கேட்கின்றேன். புகழ்பெற்ற ஆடவ வித்வான்கள் அதிகாலையில் எழுந்து சாதகம் செய்தபோது, அடுப்பை மூட்டியவர் யார்? பிள்ளைகளின் அழுகை அவர் காதில் விழாதவாறு காத்தவர் யார்? அவ்வுதவியை நாம் என்றேனும் அவர்தம் புகழினின்று கழித்ததுண்டா? மனைவியின் துணை கணவனது பெருமைக்கு ஆபரணமாம். கணவனின் துணை மட்டும் மனைவியின் பெருமைக்கு மாசாம்! இத்தராசு நேரானதன்று. தாம்ஸன் அம்மையாருக்கு மகன் ஒருவரும் மகள் ஒருவரும் உண்டு. குடும்பமும் கலையும் ஒரே கூரையின் கீழ் நடந்த அவ்விந்தையை மைக் டிப் என்னும் இயக்குநர் 1979-ஆம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சிக்காகப் படமாக்கினார். அதன் பெயரே "ஜாஸ், ராக், அண்டு மேரேஜ்" என்பது. ஐவி பென்ஸன் காலத்தில் இசைக்கு முடிவாய் எண்ணப்பட்ட திருமணம், ஒரு தலைமுறைக்குள் இசையோடு சேர்த்து எண்ணப்படும் பொருளாயிற்று.

துணையோடு சிறந்தவர் தனித்தும் சிறந்தார் என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. ஃபிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியாகிய ப்ரோவான்ஸில், தோரொனே என்னும் இடத்தில், 12-ஆம் நூற்றாண்டில் துறவிகள் எழுப்பிய கல்மடம் ஒன்று இருக்கின்றது. ஓவியமும் பொன்வேலையும் இன்றி வெறுங்கல்லால் ஆய அம்மடத்தில் எழும் ஒலி உடனே அடங்குவதில்லை. கூரையெங்கும் உலவி நெடுநேரம் கழித்தே மறையும். அங்கே துணை வாத்தியம் யாதுமின்றித் தனியே வாசித்து, 1991-ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அத்தகைய இடத்தில் விரைந்து வாசித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். ஒரு சுரத்தை விடுத்து, அதன் எதிரொலியைக் கேட்டு, அதற்கு இயைந்த அடுத்த சுரத்தை எடுத்தல் வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவர்க்கே அது கைகூடும். அக்காத்திருத்தல் பின்னாளில் வேறொரு வகையில் அவருக்குத் தேவையாயிற்று.

1997-ஆம் ஆண்டில், தமது 53-ஆம் வயதில், அவருக்குப் பார்க்கின்ஸன் நோய் கண்டிருப்பதாக மருத்துவர் கூறினர். 1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்னும் லண்டன் மருத்துவர் முதன்முதலாக விளக்கமாக எழுதிய நடுக்குவாதம் அது. மூளையின் ஒரு பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக மடிதலால் இது உண்டாகின்றது. நினைத்த அளவில் உடல் அசைய மறுக்கும், தசைகள் இறுகும், கை நடுங்கும். லெவோடோபா என்னும் மருந்தை உட்கொண்டால் மூளை அதனை டோபமினாக மாற்றிக்கொள்ளும். ஆயின் ஆண்டுகள் செல்லச்செல்ல அம்மருந்தின் வலிமை நாள் முழுதும் ஒரு சீராய் நில்லாது. சில மணி நேரம் உடல் சொற்படி கேட்கும். சில மணி நேரம் கேளாது. ஸாக்ஸபோனோ விரல்களின் விரைவையும், உதட்டின் பிடியையும், மூச்சின் கட்டுப்பாட்டையும் ஒரே கணத்தில் வேண்டுவது. ஒரு வாத்தியக் கலைஞரைத் தாக்குவதற்கு இதனினும் கொடிய நோயைக் காண்டல் அரிது.

கச்சேரி குறித்த வேளையில் நடந்தே ஆகவேண்டும். இரவு எட்டு மணிக்குத் திரை விலகும்போது, "இப்பொழுது என் விரல்கள் இணங்கவில்லை, பத்து மணிக்கு வாருங்கள்" என்று சபையோரிடம் கூறல் இயலாது. நோயைத் தாங்கியவாறே சில ஆண்டுகள் வாசித்தபின், 2001-ஆம் ஆண்டில் விடைபெறும் சுற்றுப்பயணம் ஒன்றை நடத்தி மேடையினின்று விலகினார். பிறர் இயற்றியதை வாசிப்பது மட்டுமே அவர் தொழிலாக இருந்திருப்பின், அன்றே அவர் கலைவாழ்வும் முடிந்திருக்கும். எழுதுகோலுக்கோ திரை விலகும் நேரம் என்பது இல்லை. உடல் இணங்கும் ஒரு மணி நேரம் விடியலில் வரினும் நள்ளிரவில் வரினும், தாள் காத்திருக்கும். ஸாக்ஸபோன் நால்வர் குழுக்களுக்கும் பெரிய இசைக்குழுக்களுக்கும் அவர் தொடர்ந்து இயற்றிவந்தார். விரல் மறுத்ததை அவர் உள்ளம் எழுதிற்று. அவர் உள்ளம் எழுதியதைப் பிறர் விரல்கள் வாசித்தன.

வரலாறு இத்தோடும் நிற்கவில்லை. மருந்துகளின் துணையால் உடல் ஓரளவு இணங்கவே, 2003-ஆம் ஆண்டில் யுனைடெட் ஜாஸ் அண்டு ராக் என்ஸெம்பிளின் இறுதிப் பயணத்தில், நோயுற்றிருந்த சார்லி மாரியானோவின் இடத்தை நிரப்ப மேடைக்கு மீண்டார். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித் மறைந்தபின், ஹைஸ்மனின் கொலோஸியம் குழுவில் அவருக்குரிய இடம் இவரைச் சார்ந்தது; 2015-ஆம் ஆண்டில் அக்குழு விடைபெறும்வரை அதில் வாசித்தார். 1979-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்த மைக் டிப்பே இவரது போராட்டத்தையும் பல ஆண்டுகள் உடனிருந்து படம்பிடித்தார். "ப்ளேயிங் அகெயின்ஸ்ட் டைம்" என்னும் பெயரோடு அது 2012-ஆம் ஆண்டில் பி.பி.சி.யில் வெளியாயிற்று. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹைஸ்மன் காலமானார். அதன்பின்னரும் எழுத்து நிற்கவில்லை. 2020-ஆம் ஆண்டில் தம் சுயசரிதையை வெளியிட்டார். 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள், தமது 77-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றைக் கேட்போர் பலர், "என்னே மனவுறுதி!" என்று வியந்து அமைவர். மனவுறுதி மெச்சத்தக்கதே. எனினும் மனவுறுதி ஒன்றையே புகழ்தல், தொடக்கத்தில் நான் கூறிய அப்பழைய வியப்புக்கே மீண்டும் இடங்கொடுப்பதாகும். "பெண்ணாயினும் வாசித்தார்" என்று கூறியவர் இப்பொழுது "நோயுற்றும் வாசித்தார்" என்று கூறுகின்றார், அவ்வளவே வேற்றுமை. அவர் என்ன இயற்றினார், அது செவிக்கு எவ்வாறு இருந்தது என்னும் கேள்வி இரண்டிடத்தும் விடுபட்டுப் போகின்றது. அவரைப் போற்ற விரும்புவோர் முதலில் அவர் இசையைக் கேட்டல் வேண்டும். கேட்டபின் குறை காணினும் தாழ்வில்லை. ஒரு கலைஞருக்கு நாம் செய்யும் முதல் மரியாதை, அவர் கலையைக் கலையாக மதித்து ஆராய்வதேயாகும்.

இக்கருத்தோடு நம் கல்லூரியை நோக்குகின்றேன். ஆண்டுதோறும் இசைப் போட்டிகள் நடைபெறுகின்றன. பாடுவோருக்குப் பரிசு உண்டு. வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் வாசிப்போருக்கும் பரிசு உண்டு. புதிதாக ஒரு மெட்டு அமைத்தேன், அதனைக் கேளுங்கள் என்று ஒரு மாணவரோ மாணவியோ முன்வந்தால், அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அதற்கு இடமே இல்லை. முன்னோர் தந்த கீர்த்தனங்கள் நமக்குப் பெருஞ்செல்வம். அவற்றைப் பிழையறக் கற்பதும் பெருங்கடமை. ஆயினும் அம்முன்னோரும் ஒருநாள் புதியன இயற்றியவரே அல்லரோ? பாட்டனார் தேடிய நிலத்தைக் காப்பவனும் தானாக ஒரு மரம் நடுதல் தகும்.

வருகின்ற ஆண்டு முதல், இயற்றுவோருக்கென ஒரு பரிசு ஏற்படுத்துமாறு ஆசிரியப் பெருமக்களையும், அதற்குரிய சிறு நிதியை உதவுமாறு பழைய மாணவர்களையும் பணிவுடன் வேண்டுகின்றேன். போட்டிக்கு வரும் தாள்களில் எழுதியவர் பெயர் மறைக்கப்பட்டிருத்தல் நலம். அவற்றை வாசிக்குமாறு மற்ற மாணவரைப் பணித்து, மெட்டு முற்றும் கேட்டு முடிவு செய்தபின், உறையைப் பிரித்து இயற்றியவர் யாரெனக் காணலாம். அப்பொழுது நம் வாயினின்று எழும் முதற்கேள்வி, "என்ன இயற்றினார்?" என்பதாகவே இருக்கும். ஏனெனில் வியப்பதற்குரிய வேறெதனையும் அந்த உறை நமக்கு முன்கூட்டிக் காட்டியிராது.